பெரிய தளங்களுக்கு விதி முன்னாலேயே வேண்டுமா, வழக்கு வரும்வரை காத்திருப்பதா?

வேங்கைமரம் எழுதியது:

பெரிய இணையத் தளங்களைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அபராதத் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம். இத்தனை கோடி, அத்தனை கோடி என்று தலைப்புச் செய்தி வருகிறது, நாமும் பகிர்கிறோம். எனக்கு அந்தத் தொகை பெரிதாகப் படவில்லை. முடிவு வர எத்தனை வருஷம் ஆனது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கூகுள் ஷாப்பிங் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டெம் என்று பிரிட்டனில் ஒரு விலை ஒப்பீட்டுத் தளம். 2006-ல் வந்தது, வந்த சூட்டிலேயே கூகுள் தேடல் முடிவுகளில் கண்ணுக்கே படாத இடத்துக்குப் போய்விட்டது. 2009-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2010 நவம்பரில் முறையான விசாரணை தொடங்கியது. 2017 ஜூனில் 242 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். அப்புறம் மேல்முறையீடு, 2021-ல் ஒரு தீர்ப்பு, 2024 செப்டம்பரில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் அபராதம் சரியே என்று கடைசியாகச் சொன்னது. புகார் கொடுத்த ஃபவுண்டெம் 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. அதாவது வழக்கில் ஜெயித்தபோது அந்த வெற்றியை வாங்கிக்கொள்ள அந்தத் தொழில் உயிரோடு இல்லை.

சாதாரணச் சந்தையில் பத்து வருஷம் தாமதம் என்பது மோசம். இணையத் தளங்களில் அது முழுத் தோல்வி. காரணம், ஆள் சேரச் சேர தளத்தின் மதிப்பு கூடுகிறது. வாங்குபவர்கள் அங்கே இருப்பதால் விற்பவர்கள் போகிறார்கள், விற்பவர்கள் இருப்பதால் வாங்குபவர்கள் போகிறார்கள், இரண்டு பேர் விட்டுச்செல்லும் தரவும் அந்தத் தளத்திடம் சேர்கிறது. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் புதிதாக வருபவர் எவ்வளவு நல்ல சேவை கொடுத்தாலும் ஆட்களை நகர்த்த முடியாது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் தலையிட்டால்தான் பலன்.

அதனால்தான் ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் போல முன்கூட்டியே விதி வைக்கும் வழியை ஆதரிக்கிறேன். 2022 நவம்பரில் அமலுக்கு வந்தது, 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் என்று ஆறு நிறுவனங்களை வாயில்காப்பாளர்கள், அதாவது மற்ற தொழில்கள் பயனரிடம் போக வேண்டுமென்றால் தாண்டியே ஆக வேண்டியவர்கள் என்று அறிவித்தார்கள், 2024 மே மாதம் புக்கிங் என்ற பயண முன்பதிவு நிறுவனம் சேர்ந்தது. செய்யக்கூடாதவை இவை, செய்தே ஆக வேண்டியவை இவை என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆதிக்கம் இருக்கிறதா, சந்தையின் எல்லை எது என்ற சண்டையில் வருஷக்கணக்கில் நேரம் போகாது. இணையப் பொருளாதாரம் இப்போதுதான் வேகமாக வளர்கிற நாடுகளுக்கு இது இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே பல சந்தைகள் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து முடியவில்லை.

எதிர்க்கருத்து இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பாலைவெளி எழுதியது:

எதிர்க்கருத்து என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே.

முன்கூட்டி விதி எழுதுவதில் அடிப்படைச் சிக்கல் இது: விதி எழுதுகிற நாளில் சந்தை எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் எழுத முடியும். சந்தை நகர்ந்துவிட்டால் விதி பழைய இடத்திலேயே நிற்கும். மெட்டா மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கைப் பாருங்கள். 2020 டிசம்பரில் போட்டார்கள். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கி ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. 2025 நவம்பரில் மெட்டா பக்கம் தீர்ப்பு வந்தது. டிக்டாக்கும் யூடியூபும் இவ்வளவு பெரிதாகிவிட்ட நிலையில் மெட்டாவுக்கு இப்போது ஏகபோகம் இருப்பதாக ஆணையம் நிரூபிக்கவில்லை என்று நீதிபதி சொன்னார். ஐந்து வருஷத்தில் போட்டியாளர் யார் என்பதே மாறிவிட்டது. இப்படிப்பட்ட துறையில் இன்றைக்கு நிரந்தரப் பட்டியல் போட்டு என்ன செய்ய?

இரண்டாவது, பயனருக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. மெட்டாவின் த்ரெட்ஸ் செயலி 2023 ஜூலையில் மற்ற நாடுகளில் வந்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் டிசம்பரில்தான் வந்தது. தேடலில் ஓர் இடத்தின் பெயரைத் தட்டினால் வரைபடம் திறக்கும் வசதியை ஐரோப்பாவில் எடுத்துவிட்டார்கள், சொந்தச் சேவைக்கு முன்னுரிமை கொடுக்கக்கூடாது என்ற விதிக்காக. தினமும் அதைப் பயன்படுத்திய ஆளுக்கு அது வெறும் தொந்தரவுதான். விதியால் யாருக்கு லாபம் என்று பார்த்தாலும் குழப்பமாக இருக்கிறது. கூகுள் தேடல் முடிவில் காட்டும் தன் விமான, ஹோட்டல் பெட்டிகளைக் குறைத்தபோது, நேரடி முன்பதிவு குறைகிறது, நடுவில் இருக்கும் பெரிய முன்பதிவுத் தளங்களுக்குத்தான் லாபம் என்று ஹோட்டல்களும் விமான நிறுவனங்களுமே குறை சொன்னார்கள். ஒரு பெரிய நிறுவனத்திடம் இருந்து எடுத்து இன்னொரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கா இத்தனை ஏற்பாடு?

நான் மென்பொருள் பக்கம் வேலை செய்பவன். விதிக்கு இணங்குவது என்றால் எவ்வளவு வேலை என்று தெரியும். பெரிய நிறுவனத்திடம் அதற்கு ஆட்படை இருக்கிறது. நாளைக்கு வளர்ந்து அந்த வரம்பைத் தொடப்போகிற உள்நாட்டு நிறுவனத்திடம் இருக்காது.

புதுமாணவி எழுதியது:

பொருளாதாரம் படிக்கிறேன், ஒரு அடிப்படைச் சந்தேகம். சொந்தப் பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பது ஏன் தப்பு? எந்தக் கடைக்காரரும் தன் சொந்தச் சரக்கைத்தான் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார். அவர் கடை, அவர் இஷ்டம். இணையத்தில் மட்டும் ஏன் இது குற்றமாகிறது?

கைத்தொழில் எழுதியது:

புதுமாணவிக்குப் பதில் சொல்கிறேன், நான் இணையச் சந்தையில் பொருள் விற்பவள் என்பதால்.

கடைக்காரர் உதாரணம் பாதி தூரம்தான் வரும். அந்தக் கடையில் என் பொருளை வைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவேன். இங்கே வாங்குகிறவர்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருக்கிறார்கள், அங்கே இல்லையென்றால் நான் தொழிலிலேயே இல்லை. அதைவிட முக்கியமானது தரவு. என் பொருளை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த விலையில் விட்டுப் போனார்கள், எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள், எது திரும்பி வருகிறது, எல்லாம் தளத்துக்குத் தெரியும். எனக்கு அதில் ஒரு சின்னத் துண்டுதான் காட்டுவார்கள். அந்தத் தளமே என் பொருளைப் போல ஒன்றைத் தன் பெயரில் இறக்கினால், நான் என் காசைப் போட்டுச் சோதித்துப் பார்த்த சந்தையை அவர்கள் காசு போடாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அது நடந்தது. எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பொருளுக்குப் பக்கத்தில் அதே அளவு, அதே நிற வரிசையில் தளத்தின் சொந்தப் பிராண்டு வந்து உட்கார்ந்தது. தேடலில் அது மேலே, நான் இரண்டாம் பக்கம். முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் விளம்பரம் வாங்கச் சொன்னார்கள். அதாவது முன்னால் சும்மா கிடைத்த இடத்துக்கு இப்போது கமிஷனும் கட்டி விளம்பரக் காசும் கட்ட வேண்டும். வேறு தளத்தில் குறைந்த விலைக்கு விற்றால் இங்கே வாங்கும் பொத்தான் (அதை அழுத்தினால் எந்த விற்பனையாளரிடம் இருந்து பொருள் போகும் என்பதைத் தளம்தான் தேர்வு செய்யும்) என் பெயரில் வராது. யாரிடம் கேட்பது? தானியங்கிப் பதில்தான் வரும். கணக்கை முடக்கினால் காரணம் சொல்லமாட்டார்கள், முடக்கிய நாட்களில் பணமும் நிற்கும்.

ஐரோப்பாவில் அமேசான் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட உறுதிமொழிகளைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விற்பனையாளர்களின் வெளியில் தெரியாத தரவைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்தமாட்டோம், வாங்கும் பொத்தானுக்கு ஆளைத் தேர்வு செய்யும்போது எல்லோரையும் சமமாக நடத்துவோம், போட்டியாக இரண்டாவது சலுகை ஒன்றையும் காட்டுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் வருஷக்கணக்கில் புலம்பியது ஒவ்வொன்றும் வரி வரியாக அங்கே இருந்தது. பாலைவெளி கேட்கிறார் யாருக்கு லாபம் என்று. எங்களுக்கு.

சட்டக்குறிப்பு எழுதியது:

இரண்டு பக்கமும் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். வழக்கு ஏன் இழுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் தீர்வு பேச முடியாது.

பழைய போட்டிச் சட்டத்தில் மூன்று படி. முதலில் சந்தை எது என்று வரையறுக்க வேண்டும். அடுத்து அந்தச் சந்தையில் இவர் ஆதிக்கம் செலுத்துகிறார் என்று காட்ட வேண்டும். கடைசியாக அந்த ஆதிக்கத்தைத் தப்பாகப் பயன்படுத்தினார், அதனால் போட்டி கெட்டது என்று நிரூபிக்க வேண்டும். சேவை இலவசம் என்றால் விலையை வைத்துச் சந்தையை அளக்கும் வழக்கமான முறை உதவாது, முதல் படியிலேயே பொருளாதார நிபுணர்கள் இரண்டு தரப்பிலும் ஆயிரக்கணக்கான பக்கம் எழுதுவார்கள். இதெல்லாம் வீண் வேலை என்று தள்ளவும் முடியாது. கூகுள் ஆட்சென்ஸ் (மற்றவர்களின் தளங்களில் விளம்பரம் காட்டும் சேவை) வழக்கில் 2019-ல் போட்ட 149 கோடி யூரோ அபராதத்தை 2024-ல் நீதிமன்றம் ரத்து செய்தது, ஒப்பந்தங்கள் எவ்வளவு காலம் நீடித்தன என்பது உட்பட எல்லாச் சூழ்நிலைகளையும் ஆணையம் சரியாக எடைபோடவில்லை என்பதற்காக. நிரூபணம் கேட்பது நியாயம்தான்.

இந்தியாவில் வேகம் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். கூகுளின் ஆண்ட்ராய்டு பற்றிய விசாரணைக்குப் போட்டி ஆணையம் 2019-ல் உத்தரவிட்டது, 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதமும் பல கட்டளைகளும் வந்தன. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு நான்கு கட்டளைகளை நீக்கியது. கவனியுங்கள், தொகை நின்றது, நடத்தையை மாற்றச் சொன்னதில் ஒரு பகுதி போய்விட்டது. வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கை வழக்கிலும் இதே கதை. 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம், விளம்பரத்துக்காக ஐந்து வருஷம் தரவு பகிரத் தடை. ஒரு வருஷம் கழித்து மேல்முறையீட்டில் அபராதம் நின்றது, ஐந்து வருஷத் தடை நீங்கியது. வேங்கைமரம் தாமதத்தைச் சொன்னார். இதையும் அதோடு சேர்க்க வேண்டும்: பின்னால் வரும் வழக்கில் காசு வசூலிப்பது சுலபம், நடத்தையை மாற்றுவது கஷ்டம்.

முன்கூட்டிய விதி அந்த இரண்டாவதைத்தான் குறிவைக்கிறது. ஜெர்மனி 2021-லேயே தன் போட்டிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்து இதைத் தொடங்கியது. பிரிட்டனின் சட்டம் 2025 ஜனவரியில் அமலானது, அங்கே எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி நடத்தை விதி. அந்த வழியில் 2025 அக்டோபரில் பொதுத் தேடலில் கூகுளை அப்படித் தனி விதிக்கு உட்படும் நிறுவனமாக அறிவித்தார்கள். எனக்குப் பிரிட்டன் முறை பிடித்திருக்கிறது. மெதுவாகப் போகும், ஆனால் வரைபட வசதி காணாமல்போனது போன்ற பக்கவிளைவைக் கொஞ்சம் தவிர்க்கலாம்.

குறுநிரல் எழுதியது:

சிறிய ஆப் எழுதிப் பிழைக்கிறவன். நடத்தையை மாற்றச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதற்கு ஆப் ஸ்டோர் கமிஷனைவிட நல்ல பாடம் கிடையாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆப்புக்குள் பணம் கட்டினால் ஸ்டோரின் சொந்தக் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதியாக இருந்தது, அதற்கு 30 சதவீதம் வரை கமிஷன். உலகம் முழுக்க இதற்கு எதிர்ப்பு. தென் கொரியா 2021-ல் சட்டமே போட்டது, வேறு கட்டண முறையை அனுமதிக்க வேண்டும் என்று. கூகுள் அனுமதித்தது, ஆனால் கமிஷனில் 4 புள்ளி மட்டும் குறைத்தது. 30 என்றால் 26. நெதர்லாந்தில் டேட்டிங் ஆப்களுக்கு மட்டும் வேறு வழியை அனுமதிக்கச் சொன்னார்கள். ஆப்பிள் இழுத்தடித்தது, வாரம் 50 லட்சம் யூரோ வீதம் அபராதம் 5 கோடி வரை ஏறியது, கடைசியில் 27 சதவீதம் என்று வந்தது. இந்தியாவில் ஆணையம் 2022-ல் ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்கு எதிராக உத்தரவு போட்டது, அங்கேயும் 4 புள்ளிதான் குறைந்தது. அமெரிக்காவில் எபிக் என்ற கேம் நிறுவனம் போட்ட வழக்கின் உத்தரவுப்படி, ஆப்புக்கு வெளியே போய்ப் பணம் கட்டும் வெளி இணைப்பை ஆப்பிள் 2024 ஜனவரியில் அனுமதித்தது, அந்த இணைப்பில் போய் வாங்கினாலும் 27 சதவீதம் கேட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். வெளியில் ஒரு கட்டண நிறுவனத்தைப் பிடித்தால் அவர்களுக்கும் எனக்கு 3 சதவீதம் போல ஆகிவிடும். 27 கூட 3 என்றால் பழைய 30-தான். நாலு நாட்டில் நாலு விதமான சட்டம், எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், எனக்கு மிஞ்சியது எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அமெரிக்க நீதிபதியும் நம்பவில்லை, 2025 ஏப்ரலில் ஆப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது என்று நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பு கொடுத்தார். வெளி இணைப்பைத் தட்டும்போது பயனரைப் பயமுறுத்துகிற மாதிரி எச்சரிக்கைத் திரை வைத்ததையும் சேர்த்துத்தான்.

அதனால் எனக்கு விதி முன்னாலா பின்னாலா என்பதைவிட விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரிய கேள்வி. "அனுமதிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதவே போதாது. அனுமதிக்குப் பின்னால் என்ன விலை, எத்தனை திரை, என்ன வாசகம், எத்தனை நாளில் ஒப்புதல் என்பது வரைக்கும் எழுத வேண்டும். ஐரோப்பாவிலும் வேறு ஸ்டோர் வரலாம் என்று ஆன பிறகு ஆப்பிள் புதிதாக ஒரு கட்டணம் கொண்டுவந்தது, வருஷத்தில் 10 லட்சம் நிறுவலைத் தாண்டினால் ஒவ்வொரு நிறுவலுக்கும் அரை யூரோ. இலவச ஆப் திடீரென்று பிரபலமாகிவிட்டால் அந்த டெவலப்பரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பாலைவெளி எழுதியது:

குறுநிரல் சொல்வது உண்மை, அதே உண்மை என் வாதத்துக்குத்தான் போகிறது. திரையின் வாசகம் வரைக்கும் அரசாங்கம் எழுத ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? பாதுகாப்புக்காக வைக்கும் எச்சரிக்கைக்கும் பயமுறுத்த வைக்கும் எச்சரிக்கைக்கும் கோடு யார் போடுவது? வெளியில் இருந்து ஆப் நிறுவி ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். எச்சரிக்கையே கூடாது என்றால் அவர்களுக்கு யார் பொறுப்பு?

கைத்தொழில் அனுபவம் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த அமேசான் உறுதிமொழி பழைய வழக்கு முறையில் வந்தது, புதிய சட்டத்தில் வந்ததல்ல என்பதையும் பார்க்க வேண்டும். பழைய முறைக்குப் பல் இருக்கிறது. ஆளும் பணமும் கொடுத்து அதை வேகப்படுத்துங்கள் என்கிறேன்.

வேங்கைமரம் எழுதியது:

மெட்டா தீர்ப்பை நீங்கள் ஒரு விதமாகப் படிக்கிறீர்கள், நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இன்ஸ்டாகிராமை வாங்கியது 2012, வாட்ஸ்அப்பை வாங்கியது 2014. வழக்கு போட்டது 2020. தீர்ப்பு 2025. பதிமூன்று வருஷம் கழித்து இன்றைய சந்தையில் ஏகபோகம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் அப்படித்தான் வரும். வாங்கிய நேரத்தில் அந்த இரண்டும் தனியாக வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் கொள்முதலின்போது இரண்டு சேவைகளின் கணக்குகளைத் தானாக நம்பகமாகப் பொருத்த முடியாது என்று ஃபேஸ்புக் ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது, 2016-ல் அதையே செய்யப்போவதாக அறிவித்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம். 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்த ஒரு கொள்முதலில் அந்த அபராதம் எந்த மூலைக்கு?

அந்தக் கொள்முதல் பல நாடுகளில் போட்டி ஆணையத்தின் மேஜைக்கே வரவில்லை, ஏனென்றால் வாட்ஸ்அப்புக்கு வருமானம் மிகக் குறைவு, வரம்பெல்லாம் வருமானத்தையும் சொத்தையும் வைத்து எழுதப்பட்டிருந்தது. இந்தியா 2023-ல் சட்டத்தைத் திருத்தி, கொள்முதல் தொகை 2,000 கோடி ரூபாயைத் தாண்டி இந்தியாவில் கணிசமான செயல்பாடும் இருந்தால் அனுமதி வாங்க வேண்டும் என்று 2024 செப்டம்பர் முதல் அமல்படுத்தியது. இதுவும் முன்கூட்டிய விதிதான். இதை யாரும் புதுமையைக் கொல்லும் விதி என்று சொல்வதில்லை.

எச்சரிக்கைத் திரை பற்றிய கேள்வி நியாயமானது. கோட்டை ஆணையம்தான் போட வேண்டும், அதற்கு ஆணையத்திடம் பொறியாளர்கள் இருக்க வேண்டும். இதில் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம். மைக்ரோசாஃப்ட் 2009-ல் ஐரோப்பாவில் பிரவுசரைத் தேர்வு செய்யும் திரை காட்டுவதாக ஒப்புக்கொண்டது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை, 14 மாதம், விண்டோஸ் 7-ன் ஒரு புதுப்பிப்பில் அந்தத் திரை வரவே இல்லை. சுமார் 1.5 கோடி பேர் அதைப் பார்க்கவில்லை. தொழில்நுட்பத் தவறு என்றது நிறுவனம், 2013-ல் 56.1 கோடி யூரோ கட்டியது. என்னை உறுத்துவது அந்த 14 மாதம். ஒரு திரை வருகிறதா இல்லையா என்பதை ஆணையத்தில் ஒருவர் வாரம் ஒரு முறை ஒரு கணினியில் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அபராதத்தின் ஒரு சின்னப் பங்கை வைத்து ஒரு சோதனைக்கூடம் நடத்தலாம். வளரும் நாடுகளில் ஆணையத்தில் வழக்கறிஞர்களும் பொருளாதார நிபுணர்களும் இருக்கிறார்கள், தரவு அறிவியல் தெரிந்த ஆட்களை அரசுச் சம்பளத்தில் பிடிக்க முடிவதில்லை. இதைச் சரி செய்யாமல் எந்தச் சட்டம் போட்டாலும் காகிதம்தான்.

கைத்தொழில் எழுதியது:

புகார் கொடுப்பவரைப் பாதுகாப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்கள் பெயர் போட்டுப் புகார் கொடுத்தால் அடுத்த நாள் தேடலில் எங்கே போவோம் என்று தெரியாது. போய்விட்டால் பழிவாங்கினார்கள் என்று நிரூபிக்கவும் முடியாது, அல்காரிதம் மாறிவிட்டது என்பார்கள். பெயர் வெளியிடாமல் புகார் எடுத்துக்கொள்ள வேண்டும். புகாரே இல்லாமலும் தளத்தின் பதிவேடுகளைத் தானாகப் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு வேண்டும்.

சட்டக்குறிப்பு எழுதியது:

வரம்பு பற்றி பாலைவெளி எழுப்பியது இன்னும் பாக்கி இருக்கிறது. வளரும் பொருளாதாரத்தில் அதுதான் நிஜமான கஷ்டம்.

ஐரோப்பாவின் வரம்பு 750 கோடி யூரோ ஆண்டு விற்றுமுதல் அல்லது 7,500 கோடி யூரோ சந்தை மதிப்பு, கூடவே மாதம் 4.5 கோடிப் பயனர்கள். அங்கே அதைத் தாண்டுபவர்கள் ஒரு கைப்பிடிதான். இதே மாதிரி முன்கூட்டிய விதிக்காக 2024 மார்ச்சில் வந்த இந்திய வரைவு மசோதாவில் உள்நாட்டு விற்றுமுதல் 4,000 கோடி ரூபாய், கூடவே 1 கோடிப் பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள். நிதி அளவுகோலுக்கு வேறு மாற்று வழிகளும் உண்டு. இந்த மக்கள்தொகைக்கு 1 கோடிப் பயனர் என்பது ஓரளவு பிரபலமான எந்த ஆப்பும் தொட்டுவிடும் எண். போதாக்குறைக்கு, வரம்புக்குள் வராதவர்களையும் ஆணையம் நினைத்தால் அறிவிக்கலாம் என்று ஒரு வழி. உள்நாட்டு ஸ்டார்ட்அப்களில் ஒரு பகுதி மசோதாவை ஆதரித்து இன்னொரு பகுதி எதிர்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆப் ஸ்டோரை நம்பி இருப்பவர்களுக்கு விதி வேண்டும், தாங்களே தளமாக வளர்ந்துகொண்டிருப்பவர்களுக்குப் பயம். என் கருத்து, பயனர் எண்ணை மக்கள்தொகையின் விகிதமாக எழுத வேண்டும், வரம்புக்குக் கீழே அறிவிக்கும் அதிகாரத்துக்கு எழுத்து மூலக் காரணமும் உடனடி மேல்முறையீடும் வேண்டும்.

இன்னொன்று, தைரியமாக எழுதிவிட்டு அமல்படுத்த முடியாத விதி எழுதாமல் இருப்பதைவிட மோசம். யுபிஐ-யில் எந்த ஒரு ஆப்பும் மொத்தப் பரிவர்த்தனையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. கெடு 2022 கடைசி, அது 2024 கடைசியானது, இப்போது 2026 கடைசி. இரண்டே ஆப்கள் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வைத்திருக்கின்றன. ஏன் அமல்படுத்த முடியவில்லை? அமல்படுத்தினால் நாளைக்குக் காலையில் கோடிக்கணக்கானவர்களிடம் உங்கள் ஆப்பில் இனிப் பணம் அனுப்ப முடியாது என்று சொல்ல வேண்டும். கட்டணம் வசூலிக்கவும் முடியாத சேவை என்பதால் புதிதாக வந்து செலவு செய்து ஆள் பிடிக்க யாருக்கும் ஊக்கமும் இல்லை. பங்குக்கு உச்சவரம்பு வைப்பதைவிட, இடம் மாறுவதைச் சுலபமாக்கும் விதி எழுதியிருந்தால், வரலாறும் சேமித்த பெறுநர் பட்டியலும் தானியங்கிக் கட்டணங்களும் ஒரே தட்டில் இன்னொரு ஆப்புக்கு நகரும் என்றிருந்தால், இந்நேரம் எத்தனையோ மாறியிருக்கும்.

பாலைவெளி எழுதியது:

கூடவே எடுத்துக்கொண்டு போகும் வசதி என்றால் என் ஆதரவு முழுசாக உண்டு. அது பயனருக்கு நேரடியாகப் போய்ச் சேர்கிறது, எந்த வசதியும் குறையவில்லை. ஏற்றுமதிப் பொத்தான் வைத்து ஒரு சுருக்கக் கோப்பைக் கொடுத்துவிட்டால் போதாது, எதிரில் இருக்கும் சேவை அதை வாங்கிக்கொள்கிற வடிவத்தில் தொடர்ந்து போக வேண்டும். முன்கூட்டிய விதி இதில் தொடங்கட்டும். தேடல் வரிசையிலும் திரை வாசகத்திலும் கைவைப்பதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

புதுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கலாமா? இதெல்லாம் தேடல், ஆப் ஸ்டோர், சந்தைத் தளம் பற்றியது. என் வயதுக்காரர்கள் இப்போது எதையும் ஏஐ உதவியாளரிடம்தான் கேட்கிறார்கள். இந்தச் சட்டங்களில் அது வருமா?

வேங்கைமரம் எழுதியது:

ஐரோப்பியச் சட்டத்தின் சேவைப் பட்டியலில் மெய்நிகர் உதவியாளர் என்று ஒரு வகை இருக்கிறது. 2023-ல் ஆறு நிறுவனங்களை அறிவித்தபோது அந்த வகையில் யார் பெயரும் வரவில்லை. இந்திய வரைவின் ஒன்பது சேவைகளில் அந்த வகையே இல்லை, பின்னால் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது.

எனக்குக் கவலை டீஃபால்ட் ஒப்பந்தங்கள், அதாவது நாமாக மாற்றாதவரை எந்தச் சேவை திறக்கும் என்பதற்குப் போடும் ஒப்பந்தங்கள். கூகுள் தன் தேடலை மற்றவர்களின் போனிலும் பிரவுசரிலும் டீஃபால்ட்டாக வைக்க 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில்தான் வெளியே வந்தது. அந்த வழக்கு 2020-ல் போட்டது. சட்டவிரோத ஏகபோகம் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்டில், என்ன பரிகாரம் என்பது 2025 செப்டம்பரில். குரோமை விற்க வேண்டியதில்லை, பிரத்தியேக ஒப்பந்தம் கூடாது, சில தேடல் தரவுகளைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிந்தது. பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த உத்தரவில் நீதிபதி ஏஐ செயலிகளையும் சேர்த்தார், கூகுளின் ஏஐ உதவியாளர் ஜெமினிக்கும் பிரத்தியேக ஒப்பந்தம் கூடாது என்று. அது நல்லது, ஆனால் அது ஒரு நிறுவனத்துக்கு மட்டும், ஒரு நாட்டு நீதிமன்றத்தில்.

எந்த உதவியாளர் எந்தப் போனில் முதலில் பேசும் என்பதற்கான ஒப்பந்தங்கள் இப்போதுதான் கையெழுத்தாகின்றன. போனில் பக்கப் பொத்தானை அழுத்தினால் யார் பதில் சொல்வது என்பதைப் பயனர் மாற்ற முடிய வேண்டும், மாற்றிய உதவியாளருக்கும் மைக், திரை, செய்தி எல்லாவற்றிலும் சொந்த உதவியாளருக்குக் கிடைக்கிற அதே அணுகல் வேண்டும், தகவலைத் தேடிக் கொடுக்கும்போது சொந்தச் சேவையில் இருந்து எடுத்தால் அதைச் சொல்ல வேண்டும். நாலு வரி விதி. இதற்குச் சந்தை வரையறை தேவையில்லை, நிபுணர் அறிக்கை தேவையில்லை. இந்திய வரைவு மறுபடி கருத்துக் கேட்புக்கு வந்தால் நான் இதைத்தான் எழுதி அனுப்பப்போகிறேன். குறுநிரல், அந்த அணுகல் பகுதியில் எந்தெந்த இடைமுகங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று உங்களால் ஒரு வரைவு போட முடியுமா? பாலைவெளியும் பாதுகாப்பு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

குறுநிரல் எழுதியது:

போடுகிறேன். அணுகலுக்குத் தனிக் கட்டணம் கூடாது என்ற வரியை முதல் வரியாக வைக்கிறேன்.